நாற்பது நிமிட வேப்பங்கிளை

தம்பி,

மணிக்கட்டுக்குப் போடுகிற பட்டையைத் தேடிப் பைக்குள் கையை விடும்போது இந்தக் காகிதங்கள் தட்டுப்படும். பயப்படாதே, வீட்டில் எல்லாரும் சௌக்கியம்தான். விழுப்புரத்தில், உன் அடுத்த போட்டிக்காகப் பெங்களூர் வண்டி ஏறி, இடம் பிடித்து, அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத்தைச் சாப்பிட்டு முடித்த பிறகு படி. பசியோடு படிக்க வேண்டாம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷம் திண்டிவனத்தில் லைன்மேனாக இருந்து நான் எழுதியதெல்லாம் எந்தத் தெருவில் எந்தக் கம்பத்தில் ஒயர் அறுந்தது, எத்தனை மணிக்குச் சரிசெய்தோம் என்கிற நோட்டுப் புத்தகம்தான். அதில் ஒரு வசதி, நடந்ததை மட்டும் எழுதினால் போதும். இதையும் அப்படியே எழுதப் பார்க்கிறேன். நடுநடுவே புத்தி சொல்லத் தொடங்கிவிட்டால் பொறுத்துக்கொள். வயசாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்துக் கல்யாண மண்டபத்தில் நடந்த போட்டியிலிருந்து தொடங்குகிறேன். ஏழு வருஷம் கழித்து நீ ஆடிய முதல் போட்டி அது. நீ ஆடி நான் நேரில் பார்த்த முதல் போட்டியும் அதுதான் என்று எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. முன்பு நீ சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் போய் ஆடிப் பேர் எடுத்த காலத்தில், ஒரு நாளாவது வந்து பார்ப்போம் என்று எனக்குத் தோன்றவில்லை. பொம்மைத் துப்பாக்கி வைத்துச் சுடுவதை டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்க வேண்டுமா என்று கேட்டவன் நான். இந்தத் தடவை நீயாகத்தான் கூப்பிட்டாய். "வேணும்னா வாங்கப்பா. ஆனா போரடிக்கும்" என்றாய். ஞாயிற்றுக்கிழமை எனக்கு மட்டும் என்ன வெட்டி முறிக்கிற வேலை என்று கிளம்பி வந்தேன்.

கல்யாண மண்டபத்துக்குப் போனால் மற்றவர்கள் பந்தி எங்கே என்று பார்ப்பார்கள், நான் மெயின் போர்டு எங்கே என்று தேடுவேன் என்று உன் அம்மா கேலி செய்வாள். அன்றைக்கும் அதைத்தான் முதலில் பார்த்தேன். போர்டு சுத்தமாக இருந்தது, ஜெனரேட்டருக்கு ஆள் போட்டிருந்தார்கள். திருப்தியோடு உள்ளே வந்தால், பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற மேடையில் பக்கத்துக்கு ஐந்தாகப் பத்து கம்ப்யூட்டர்கள். பின்னால் பெரிய திரை. கீழே நாற்காலி கிடைக்காமல் பையன்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். நான் கடைசி வரிசையில் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்தேன். பக்கத்தில் காலேஜ் படிக்கிற ஒரு பெண், வளவனூர்க்காரி, மடியில் அவித்த மல்லாட்டைப் பொட்டலம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கும் ஒரு கை கடலை அள்ளிக் கொடுத்தாள்.

நீ மேடை ஏறியதும் கூட்டம் எழுந்து நின்று "லைன்மேன், லைன்மேன்" என்று கத்தியது. சத்தியமாகச் சொல்கிறேன், நானும் பாதி எழுந்துவிட்டேன். ரிடையர் ஆகி மூன்று வருஷம் ஆனாலும் யாராவது அப்படிக் கூப்பிட்டால் எங்கே கரண்டு போச்சு என்றுதான் கால் கிளம்புகிறது. அந்தப் பெண் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்து, "உங்கள இல்ல அங்கிள், அவரத்தான். அந்தக் கோடியில உக்காந்திருக்காரு பாருங்க, அவரு பேரு லைன்மேன். எங்கண்ணன் எல்லாம் ஸ்கூல் படிக்கும்போது இவரு ஆடுறத பாத்துத்தான் கத்துக்கினான். நடுவுல திடீர்னு ரிடையர் ஆயிட்டாரு. இப்ப மறுபடி வந்துக்கிறாரு" என்றாள். உன் ஆட்டப் பெயர் அதுதான் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. பத்து வருஷத்துக்கு முன்பே நீ என் உத்தியோகத்தைப் பெயராக வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஆடியிருக்கிறாய், அது என்ன பெயர் என்று உன்னிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இவன் என் பையன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அதற்கான தகுதி எனக்கு இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தது.

இருபத்து மூன்று வயதில் நீ ரிடையர் ஆவதாக அறிவித்தபோது நான் அடித்த கிண்டல் ஞாபகம் இருக்கிறதா? அந்த வார்த்தைக்காக நான் அறுபது வயதுவரை கம்பம் ஏற வேண்டியிருக்கிறது, துரை மீசை சரியாக முளைக்கும் முன்பே வாங்கிவிட்டாரே என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். பிறகு நானும் ரிடையர் ஆகி வீட்டோடு வந்தபோது, "இந்த வீட்ல ஒருத்தரு ரிடையர் ஆவுறதுக்கே என்னால தாங்கல, ரெண்டு பேரா" என்று அம்மா சலித்துக்கொண்டாள். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு உன் முகத்தில் சரியாக உட்காரவில்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, டிபன் பாக்ஸில் தண்ணீர் ஒழுகுகிறது பார் என்று பேச்சை மாற்றினேன். ஏழு வருஷம் காலை பாசஞ்சரில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம், அங்கே அந்தக் கிடங்கில் நாளெல்லாம் பெட்டிகளை ஸ்கேன் பண்ணுகிற வேலை, மாலை பாசஞ்சரில் திரும்பி வருவது. பையன் ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமை பேசினேன்.

போன மாதம் அந்த வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாய். முப்பது வயதில் மறுபடியும் ஆடப் போகிறேன் என்றாய். பழைய அப்பாவாக இருந்தால் வீடு ரெண்டுபட்டிருக்கும். இந்தத் தடவை நான் சண்டை போடவில்லை. அதற்கு முந்தைய ஆறு மாதமாக நீ வேலைக்குக் கிளம்பும் முன் செய்துகொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெந்நீரில் உப்புப் போட்டு மணிக்கட்டை வைத்திருப்பாய். ரப்பர் பந்தை அழுத்துவாய். பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, திரையில் ஒரு வெற்றுச் சுவரில் தோன்றி மறைகிற ஒரு புள்ளியைச் சுட்டுக்கொண்டே இருப்பாய். அதே புள்ளி, அதே சுவர், ஒரு மணி நேரம். பத்தொன்பது வயதுப் பையன்களோடு போட்டி போட முடியுமா, கை மெதுவாகிவிடும் என்கிறார்களே என்று ஒரு நாள் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். நீ பந்தை அழுத்துவதை நிறுத்தாமல், "ஆமாம்பா, கை கொஞ்சம் லேட்டாத்தான் வருது. அதனால முன்னாடியே கெளம்பிடுறேன்" என்றாய். அதை விளக்கு என்று கேட்கவில்லை. ஆனால் பல நாள் அது என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதான் அது விளங்கியது. ஆட்டத்தை அந்த வளவனூர்ப் பெண்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பக்கத்துக்கு ஐந்து பேர். ஒரு கட்சி ஓர் இடத்தில் குண்டு வைக்க வரும், மறு கட்சி தடுக்க வேண்டும். செத்தவன் அந்தச் சுற்று முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பதின்மூன்று சுற்றை முதலில் ஜெயிப்பவர்கள் வென்றவர்கள். உன் கட்சியில் உன்னைத் தவிர நாலு பேரும் மீசை அரும்பாத பையன்கள். அவர்களுக்கு நீதான் கேப்டன் என்று கேட்டதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டில் நீ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். அங்கே உன் குரல் ஸ்பீக்கரில் வந்தது. "ஜல்தி வேணாம். நில்லு. அவன் வருவான். இப்ப." அவ்வளவுதான் பேசினாய். நீ "இப்ப" என்றதும் உன் கட்சியில் இருந்த ஒரு கோட்டக்குப்பத்துப் பையன் சுட்டான், மூலையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவன் விழுந்தான். அவன் வருவான் என்று உனக்கு எப்படித் தெரிந்தது என்று பக்கத்தில் கேட்டேன். "அதுதான் அங்கிள் லைன்மேன்" என்றாள். அதற்குமேல் அவளுக்கும் தெரியவில்லை.

கடைசிச் சுற்றை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நீங்கள் பன்னிரண்டு, அவர்கள் பதினொன்று. உன் பையன்கள் நாலு பேரும் செத்துவிட்டார்கள், நீ ஒருத்தன் மட்டும் மிச்சம். எதிரில் மூன்று பேர். மண்டபத்தில் அத்தனை பேர் இருந்தும் மேலே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. நீ ஒரு சுவருக்குப் பின்னால் நின்றாய், நின்றுகொண்டே இருந்தாய். திரை மூலையில் நொடிகள் குறைந்துகொண்டிருந்தன. நான் திரையை விட்டுவிட்டு உன்னைப் பார்த்தேன். உன் விரல்கள் மவுஸ் மேல் இருந்தன, ஆனால் அழுத்தவில்லை. தோள் இறங்கியிருந்தது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. பதினோராயிரம் வோல்ட் பக்கத்தில் ஓடும்போது கம்பத்தின் மேல் நாங்கள் அப்படித்தான் இருப்போம். அசைக்க வேண்டியதைத் தவிர வேறு எதையும் அசைக்க மாட்டோம். அந்த அடக்கம் எனக்கு வரப் பத்து வருஷம் பிடித்தது, அதுவும் உயிர்ப் பயத்தால் வந்தது. நீ அதை ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி எங்கே கற்றாய் என்று தெரியவில்லை. பிறகு மூன்று சத்தம் கேட்டது. எண்ணி மூன்று. மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிக் கூச்சல். உன் பையன்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு உன் மேல் விழுந்தார்கள். நான் எழுந்து நிற்கவில்லை. இப்படி ஒருவனை நான் வீட்டில் வைத்துக்கொண்டு, பால் பாக்கெட் வாங்கி வா என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேனே என்று பிரமித்துப் போய் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் இன்னொன்றையும் பார்த்தேன், அதனால்தான் இந்தக் கடிதம். ஆட்டத்தின் நடுவில் ஒரு தடவை வோல்டேஜ் இறங்கி விளக்குகள் ஒரு சிமிட்டு சிமிட்டின. கம்ப்யூட்டர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவற்றுக்குத் தனி பேட்டரி இருந்தது. மற்ற ஒன்பது பேரும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நீ மட்டும் சட்டென்று தலை நிமிர்ந்து மேலே இருந்த டியூப் லைட்டைப் பார்த்தாய். அந்த ஒரு பார்வையில் செத்தாய், அந்தச் சுற்றும் போனது. கை வழுக்கிவிட்டது என்று அந்தப் பெண் நினைத்தாள். எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு சுற்றுக்குச் சுற்று இடைவெளியில் உன் கண் மேலே போய்ப் போய் வந்தது. ஆட்டம் முடிந்து மைக் பிடித்தவன் உன்னிடம் கேட்டான், ஏழு வருஷம் முன்னாடி உச்சத்தில் இருக்கும்போது ஏன் ரிடையர் ஆனீங்க என்று. நீ சொன்னதை நான் வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "பெரிய மேட்ச் நடுவுல கரண்டு போச்சு. அது யாரு தப்பும் இல்ல. ஆனா கரண்டு போவும்னு தெரிஞ்ச ஊர்ல உக்காந்துக்கினு, கால் மணி நேரம் தாங்குற பேட்டரிய நம்பி ஆடினேன் பாருங்க, அது என் தப்பு. நாலு பேரு என்ன நம்பி இருந்தாங்க. அதுக்கப்புறம் ஒரு டீம்ல உக்கார எனக்கு மனசு வரல." அவன் விடாமல் பெயரைப் பற்றியும் கேட்டான். "எங்கப்பா லைன்மேன். தோ, கடைசியில உக்காந்துக்கிறாரு" என்று என்னைக் காட்டினாய். அந்தப் பெண் வாய் பிளந்து என்னைப் பார்த்தாள். கூட்டம் திரும்பி எனக்குக் கை தட்டியது. தம்பி, என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ பதினோரு வயதில் பார்த்த புயலை நினைத்துத்தான் அந்தப் பெயர் வைத்ததாக வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாய். எனக்கும் அது மறக்காது. எட்டு நாள் தெருவில் கரண்டு இல்லை. கடைசி நாள் சாயங்காலம் நீ என்னோடு கம்பத்தடியில் நின்றுகொண்டு ஆயிரம் கேள்வி கேட்டாய். எல்.சி. என்றால் என்ன என்று கேட்டாய். லைன் கிளியர், நாங்கள் மேலே ஏறும் முன் சப்ஸ்டேஷனில் கேட்டு வாங்குவது, அதை வாங்கினால் அந்த லைனில் கரண்டை நிறுத்திவிடுவார்கள் என்று சொன்னேன். யார் பேரில் வாங்கினோமோ அந்த ஆளே திருப்பிக் கொடுத்தால்தான் ஆபரேட்டர் மறுபடி கரண்டு விடுவார், கலெக்டரே போன் போட்டாலும் விடமாட்டார், ஏனென்றால் மேலே இருப்பது ஓர் உயிர் என்று சொன்னேன். "நீ மறந்துட்டா?" என்று கேட்டாய். "மறக்கக் கூடாது" என்றேன். பிறகு போனில் எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்தேன், தெரு முழுக்க விளக்கு எரிந்தது, ஜனங்கள் கத்திய கத்தலில் உன்னை யாரோ தோளில் தூக்கிக்கொண்டார்கள். நீ அந்த அப்பாவைப் பெயராக வைத்துக்கொண்டாய். அதே அப்பா பிற்பாடு ஒரு நாள் செய்ததை இப்போது எழுத வேண்டும்.

ஏழு வருஷம் முன்பு, நீ ரிடையர் ஆன அந்த வருஷம், உன் டீம் ஆட்கள் அவரவர் வீட்டிலிருந்தே ஆடினீர்கள். முதல் நாள் சாப்பிடும்போது, நாளைக்கு அஞ்சு மணிக்கு மேட்ச், ஜெயித்தால் வெளிநாட்டில் நடக்கிற பெரிய போட்டிக்குப் போய்விடுவோம் என்றாய். மறுநாள் காலையில் உனக்கு விழுப்புரத்தில் அந்தக் கிடங்கு வேலைக்கு இன்டர்வியூ. அதற்காக நான் ஓர் என்ஜினியர் வீட்டுக்கு நாலு தடவை நடந்திருந்தேன். ஜெயித்தால் இன்டர்வியூவுக்குப் போக மாட்டேன் என்று நீ சொன்னாய். நீ திமிராகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் அது திமிராகக் கேட்டது. மறுநாள் எனக்கு டூட்டி. நம் தெருமுனையில் வேப்பமரத்தின் ஒரு கிளை மெயின் லைனை உரசுகிற மாதிரி சாய்ந்திருந்தது. அது பொய்யில்லை, வெட்ட வேண்டிய கிளைதான். ஆனால் காற்றும் இல்லை, மழையும் இல்லை. கூட வேலை பார்த்த ஓமந்தூர் பலராமன், "காலையில பாத்துக்கலாம்ணே, இப்ப இன்னா அவசரம்" என்றான். நான் கேட்கவில்லை. மணி ஐந்தே காலுக்கு சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு என் பேரில் எல்.சி. வாங்கினேன். உன் கம்ப்யூட்டர் பேட்டரி கால் மணி நேரம்தான் தாங்கும் என்று எனக்குத் தெரியும். அதை வாங்கி மாட்டிக் கொடுத்தவனே நான்தான்.

ஏணியில் நின்று முதல் வெட்டு வெட்டும்போது நம் வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். உன் அறையில் மட்டும் நீல வெளிச்சம் தெரிந்தது, பேட்டரியில். கொஞ்ச நேரத்தில் அதுவும் அணைந்தது. நீ செருப்புகூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடி வந்தாய். மேலே நான் இருப்பதைப் பார்த்ததும் உன் முகத்தில் எவ்வளவு நிம்மதி. யாரோ ஒருத்தர் இல்லை, நம் அப்பாதான் என்கிற நிம்மதி. "அப்பா, எவ்ளோ நேரம்பா ஆவும்?" என்று கேட்டாய். ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை அது. "நேரமாவும்பா" என்றேன். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. விழுந்த கிளைகளை ஒவ்வொன்றாக இழுத்து ஓரத்தில் போட ஆரம்பித்தாய். அப்படியாவது வேலை ஜல்தி முடியட்டும் என்று. உனக்காகப் பத்து நிமிடம் ஆட்டத்தை நிறுத்தி வைத்தார்களாம், அதற்குமேல் விதியில் இடமில்லையாம், உன் ஆட்கள் நாலு பேராகவே ஆடித் தோற்றார்களாம். அதெல்லாம் பிற்பாடு நீ போனில் பேசும்போது காதில் விழுந்து தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது, நீ வெறுங்காலோடு கீழே கிளை பொறுக்குகிறாய், நான் மேலே வெட்டின இடத்தையே திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டும்தான். எல்.சி. நாற்பது நிமிடம் என் பேரில் இருந்தது. பலராமன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

மறுநாள் நீ இன்டர்வியூவுக்குப் போனாய், வேலை கிடைத்தது. நான் நினைத்ததெல்லாம் நடந்தது. கிளை நிஜமாகவே வெட்ட வேண்டியதுதானே, நோட்டில் எழுதியதில் ஒரு வரி பொய் இருக்கிறதா என்று எனக்கு நானே ஏழு வருஷம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் நீ தோற்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். பெற்ற பிள்ளை தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீ எனக்குப் புரியாத ஓர் இடத்தில் பெரிய ஆளாகிக்கொண்டிருந்தாய், என் தயவு உனக்கு வேண்டியிருக்கவில்லை, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. இதை எழுதிவிட்டு வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை உன் அம்மாவிடம் சொன்னேன். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். பெங்களூர்ப் போட்டி முடிந்து நீ திரும்பி வந்த பிறகு சொல்லலாமா, ஆடப் போகிற பிள்ளையின் மனசை இப்போது ஏன் கலைக்க வேண்டும் என்று நானே கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "இப்ப மட்டும் அவன் மனசு கலையாமத்தான் இருக்குதா? லைட்ட பாத்துக்கினே ஆடுறான்னு நீங்கதான சொன்னீங்க. எழுதிக் குடுங்க. வாயால சொன்னா பாதியில நிறுத்திடுவீங்க." அவள் சொன்னது சரி என்று பட்டது. அவளுக்கு என்னை நன்றாகத் தெரியும்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. கோபம் வந்தால் கோபப்படு. பெங்களூரிலிருந்து போன் போடாமல் இருந்தாலும் சரி, உன் அம்மாவுக்கு மட்டும் போடு. உன்னிடம் நான் சொல்ல வேண்டியது ரெண்டுதான். இப்போது உனக்குக் கீழே நாலு பையன்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் நிமிர்ந்து பார்த்து எவ்வளவு நேரம் ஆகும் என்று உன்னிடம் கேட்டால், உள்ளதைச் சொல். பெரியவனாக மேலே நிற்கிறவனுக்கு அதைவிடப் பெரிய வேலை கிடையாது என்பதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். இன்னொன்று, அங்கே நீ ஜெயித்தாலும் தோற்றாலும் அது உன் ஆட்டமாக இருக்கட்டும். தோற்றால் பாசஞ்சர் ஏறி வீட்டுக்கு வா, ரிடையர் ஆனவனுக்கு ரிடையர் ஆனவன் துணையாக டீ குடிக்கலாம், இந்தத் தடவை கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் மேலே மட்டும் பார்க்காதே. உன் பேட்டரியில் ஒரு குறையும் இல்லை, நம் ஊர்க் கரண்டிலும் அன்றைக்குக் குறை இல்லை. நீ தயாராகத்தான் இருந்தாய். நிறுத்தியது நான்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சப்ஸ்டேஷன் ஆபரேட்டரிடம் எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்தேன், தெருவுக்கு வெளிச்சம் வந்தது. கீழே கிளை பொறுக்கிக்கொண்டிருந்த உனக்கு மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. அது இன்னும் என் பேரில்தான் இருக்கிறது. வேறு யார் சொன்னாலும் செல்லாது, வாங்கினவனே சொல்ல வேண்டும் என்று பதினோரு வயதில் உனக்குச் சொல்லிக்கொடுத்தேனே, அதனால் சப்ஸ்டேஷனுக்குச் சொல்கிற மாதிரி நானே சொல்கிறேன்.

அப்பா பேசுறேன். கிளை வெட்டியாச்சு. ஆளு எல்லாம் எறங்கியாச்சு. கம்பத்து மேல யாரும் இல்ல. லைன் போட்டுக்கலாம்.